ஷானி ரீஸ் ஜேம்ஸ்: தன் முகத்தை நடிக்க வைக்கும் ஓவியர்

வேல்ஸ் நாட்டின் இன்றைய உருவ ஓவியர்களில் முக்கியமானவர் யார், அவரது வாழ்க்கையும் கலைப்பயணமும் எப்படிப்பட்டவை என்பது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியின் முதல் பகுதி. ஷானி ரீஸ் ஜேம்ஸ் ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார், அது தன்மோகம் ஆகாதா என்பது இரண்டாம் பகுதி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். ஏனெனில் இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போதுதான் முதல் கேள்விக்கு நான் ஏன் அவர் பெயரைச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

வேறு பெயர்கள் இல்லாமல் இல்லை. பிரிட்ஜெண்ட் பகுதியில் 1947இல் பிறந்த கெவின் சின்னட், தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் மக்களைப் பெரிய கித்தான்களில் (ஓவியத் துணிகளில்) ஓடவும் ஆடவும் கட்டிப்பிடிக்கவும் விட்டவர். சிகையலங்காரப் பெண்ணோடு ஒருவன் ஓடிப்போகும் அவரது 1995ஆம் ஆண்டு ஓவியம், கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் தேடிப் பார்க்கும் படங்களில் ஒன்று. நியூபோர்ட்டில் 1951இல் பிறந்த கிளைவ் ஹிக்ஸ்-ஜென்கின்ஸ், நாடக மேடையிலும் நடன அமைப்பிலும் பல ஆண்டுகள் உழைத்த பிறகு ஓவியத்துக்கு வந்தவர். இருவருமே மதிப்புக்குரியவர்கள். ஆனால் வண்ணம் என்னும் பொருளையே மனித உடலாக மாற்றிக் காட்டும் துணிவில் ஷானி ரீஸ் ஜேம்ஸுக்கு இணையாக இன்னொருவரை வேல்ஸில் என்னால் சுட்ட முடியவில்லை.

அவர் பிறந்தது வேல்ஸில் அல்ல; 1953இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். தந்தை வேல்ஸ்காரர், தாய் ஆஸ்திரேலியர். நாடகம் புழங்கிய வீடு அது, தாய் நடிகை. பள்ளிப் பருவத்திலேயே தாயோடு லண்டனுக்கு வந்துவிட்டார். பிறந்த மண்ணை விட்டு உலகத்தின் மறுகோடிக்குக் கப்பலேறிய சிறுமி, ஒப்பனை அறையும் திரைச்சீலையும் விளக்குகளும் சூழ வளர்ந்த பெண் என்ற இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், அவர் படங்களில் பாதிக்கு மேற்பட்டவை தாமாகவே பேசத் தொடங்கிவிடும். நடிகையின் மகளுக்கு ஒன்று சிறுவயதிலேயே தெரிந்திருக்கும்: முகம் என்பது சொந்தச் சொத்து மட்டும் அல்ல, வேலைக்கான கருவியும்கூட. காலையில் அம்மாவாக இருக்கும் அதே முகம் இரவில் வேறொருத்தியாக மாறி நிற்கும்.

லஃப்பரோ கலைக் கல்லூரியில் தொடங்கிய படிப்பை, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் 1976இல் முடித்தார். அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓவியத்தில் கவனிக்கத்தக்கது. கலைப்பள்ளிகளில் உருவமே இல்லாத அரூப ஓவியமும், பொருளைவிட எண்ணத்தை முன்வைக்கும் கருத்துவழிக் கலையும் கோலோச்சிய காலம். மனித உருவத்தை வரைவது பழைய பாணி, பிழைப்புக்கான வேலை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அதே 1976இல்தான் ஓவியர் ஆர்.பி. கிட்டாய் லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் மனித உருவத்தை மையமாக வைத்து ஒரு கண்காட்சியைத் தொகுத்தார். 'லண்டன் பள்ளி' என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது; அது கல்விக்கூடம் அல்ல, உருவத்தை வரைந்த லண்டன் ஓவியர்களைக் குறிக்கும் பெயர். பிரான்சிஸ் பேக்கன், லூசியன் ஃபிராய்ட், ஃபிராங்க் அவுர்பாக், லியோன் கோசாஃப் ஆகியோரை அந்தப் பெயரோடு சேர்த்தே இன்று நினைக்கிறோம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1981இல், ராயல் அகாடமி நடத்திய 'ஓவியத்தில் புதிய எழுச்சி' என்ற பெருங்கண்காட்சி, தூரிகைக்கும் உருவத்துக்கும் மறுபடியும் மரியாதை வந்துவிட்டதாக அறிவித்தது. அதில் 38 ஓவியர்கள் இடம்பெற்றார்கள். ஒரு பெண்கூட இல்லை.

இந்தச் செய்தியை நான் மனக்குறையோடுதான் எழுதுகிறேன். உருவ ஓவியம் திரும்பி வந்தபோது அதன் வாசலில் பெண்களுக்கு இடம் வைக்கப்படவில்லை. ராயல் அகாடமியின் கலைப்பள்ளியில் பெண் மாணவர்கள், இடுப்பை மூடிய ஆண் மாதிரியை வைத்து வரைவதற்கே 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற பழைய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண் ஓவியர் தன் உடலையே மாதிரியாக எடுத்துக்கொள்வது ஏன் இயல்பான முடிவு என்பது புரியும். கண்ணாடிக்கு முன்னால் நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கூலி கொடுக்க வேண்டாம். நேரம் குறிக்க வேண்டாம். எதிரில் இருப்பவரை அழகாகக் காட்ட வேண்டும், அவர் மனம் நோகாமல் நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1984இல் அவர் லண்டனை விட்டு மத்திய வேல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். கணவர் ஸ்டீபன் வெஸ்ட்டும் கலைஞர். போயிஸ் மாவட்டத்தில், வெல்ஷ்பூலிலிருந்து மேற்குக் கடற்கரைப் பக்கம் செல்லும் சாலையில், பான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள லாங்காட்வன் என்ற சிற்றூர்ப் பகுதியில் குடியேறினார்கள். ஆடு மேய்ப்பும் மழையும் வெல்ஷ் மொழியும் நிறைந்த பகுதி அது. லண்டனில் ஓர் இளம் ஓவியருக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: இடம். பண்ணைக் கட்டடத்தில் அமைந்த பட்டறையில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கித்தானை நிறுத்தலாம், அதிலிருந்து பத்து அடி பின்னால் நகர்ந்து பார்க்கலாம். தடித்த வண்ணத்தில் வரைகிறவருக்கு இந்தப் பத்து அடி மிக அவசியம். அருகில் நிற்கும்போது அவர் கண்ணில் படுவது வண்ணக் குவியல் மட்டுமே.

இங்கேதான் எனக்கு அவர் மீது பெருமதிப்பு ஏற்படுகிறது. வேல்ஸுக்கு வந்து குடியேறும் ஓவியரிடம் ஊர் எதிர்பார்ப்பது மலைகளை. ரிச்சர்ட் வில்சன் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்த நிலக்காட்சி மரபு அங்கே அவ்வளவு வலுவானது. 2006இல் மறைந்த கிஃபின் வில்லியம்ஸ், ஸ்னோடோனியா மலைகளை ஓவியக் கத்தியால் தடித்துப் பூசி, வேல்ஸ் வீடுகள் பலவற்றின் வரவேற்பறைச் சுவரில் இடம்பிடித்தவர். அவரது மலைப்படம் வாங்கக் காத்திருந்தவர்கள் ஏராளம். ஷானி ரீஸ் ஜேம்ஸோ சன்னலுக்கு வெளியே அத்தனை அழகையும் வைத்துக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அவருடைய உலகம் அறைக்குள் நடப்பது. மேசை, கண்ணாடி, கட்டில், சுவர்த்தாள், சரவிளக்கு, ரப்பர் கையுறை, வண்ணக் குழாய், இவற்றுக்கு நடுவில் ஒரு பெண் அல்லது ஒரு குழந்தை. எளிதில் விற்கும் பாதை கண்முன்னே இருந்தும் அதை எடுக்காமல், தன் மனத்தை வாட்டுவது எதுவோ அதையே வரைவதற்கு, குறிப்பாகச் சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மிகுந்த நெஞ்சுரம் வேண்டும்.

முதலில் அவரை வெளியுலகத்துக்கு அடையாளம் காட்டியவை பட்டறைப் படங்கள். அவற்றை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய அறை. தரையும் மேசையும் தெரியாதபடி டப்பாக்கள், நசுங்கிய குழாய்கள், அழுக்குத் துணிகள், தூரிகை நிற்கும் குவளைகள். அந்தக் குப்பைமேட்டின் பின்னாலிருந்து ஒரு சிறிய தலை எட்டிப் பார்க்கிறது. உருவத்தைவிடப் பொருள்களே பெரிதாக இருக்கின்றன. கிட்டே போனால் இன்னொன்று தெரியும்: வரையப்பட்ட வண்ணக் குழாய், அந்தக் குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தாலேயே, ஏறக்குறைய அதன் கனத்தோடேயே, கித்தான் மேல் நிற்கிறது. சிவப்பு வண்ணத்தின் படத்தைச் சிவப்பு வண்ணமே ஏற்று நடிக்கிறது. கையுறையும் அப்படித்தான், ஐந்து விரல்களுக்கு ஐந்து இழுப்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் தூரிகை எடுக்கப்பட்ட இடத்தில் வண்ணம் சிறு முகடாக எழும்பி உறைந்திருக்கும். கை உள்ளே இல்லாத கையுறை, ஆளைப் போலவே அச்சுறுத்துகிறது.

முகங்களுக்கு வருவோம். அவரது தன்னுருவங்களில் கண்கள் அகன்று, திடுக்கிட்டவை போல நம்மையே நேராக நோக்கும். பயம் என்று சிலர் எழுதுகிறார்கள், கோபம் என்று சிலர். எனக்கு அதன் முதற்காரணம் மிகவும் எளிமையானதாகப் படுகிறது: கண்ணாடியைப் பார்த்து வரைகிறவரின் பார்வை அது. கித்தானிலிருந்து கண்ணை எடுத்து, கண்ணாடியில் ஒரு கணம் ஊன்றிப் பார்த்து, பார்த்ததை மறப்பதற்குள் மறுபடி கித்தானுக்குத் திரும்ப வேண்டும். அப்படி ஊன்றிப் பார்க்கும் கணத்தில் எந்த மனித முகமும் புன்னகை செய்யாது. புருவம் உயரும், இமை விரியும், வாய் இறுகும் அல்லது தன்னை மறந்து சற்றே திறக்கும். பிற ஓவியர்கள் இந்த உழைப்பின் தடயத்தைத் துடைத்துவிட்டு, அமைதியான முகபாவம் ஒன்றைப் பிறகு சேர்ப்பார்கள். இவர் துடைப்பதில்லை. பார்ப்பதன் கடினத்தையே முகத்தின் பாவமாக நிறுத்துகிறார். அதனால்தான் படத்துக்கு எதிரே நிற்கும் நமக்கு, நாம் அவரைப் பார்க்கவில்லை, அவர் நம்மை அளந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இந்த வழியில் அவருக்கு முன்னோர் உண்டு. ரெம்பிராண்ட் ஓவியம், பொறிப்பு, கோட்டுச்சித்திரம் என்று எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 80 முறை தன்னை வரைந்தார். இளமையில் அவர் செய்த சிறு பொறிப்புகளில் பல, கண்ணாடி முன் முகத்தைச் சுளித்தும் வாயைப் பிளந்தும் உணர்ச்சிகளைப் பழகிப் பார்த்த நடிப்புப் பயிற்சிகளே. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தூரிகையோடு கையை நீட்டி, ஓவியக்கலையே உருவெடுத்து வந்தது போலத் தன்னை வரைந்தார். இருவருமே அந்தப் படங்களில் 'நான் இன்னார்' என்று மட்டும் சொல்லவில்லை. தம் உடலைக் கொண்டு ஒரு வேடத்தை ஏற்றார்கள். ஷானி ரீஸ் ஜேம்ஸ் செய்வதும் அதுவே. அவர் படத்தில் இருக்கும் பெண் சில நேரம் தாய், சில நேரம் கைவிடப்பட்ட சிறுமி, சில நேரம் அறையில் அடைபட்ட இல்லத்தரசி, சில நேரம் மேசைத் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் கொடுங்கோலி. முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் அத்தனை பேரும் அவரே என்று முடிவு கட்டுவது, ஒரே நடிகை ஏற்ற எல்லா வேடங்களையும் அவருடைய வாழ்க்கை வரலாறாகப் படிப்பதற்குச் சமம். தன்மோகம் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் இதுதான். தன்மோகம் கொண்டவர் தன் முகத்தை இவ்வளவு இரக்கமில்லாமல் கையாள மாட்டார். கன்னத்தின் தொய்வையும் கழுத்தின் சுருக்கத்தையும் கண்ணடியின் ஊதா நிழலையும் இப்படிப் பெரிதாக்கிக் காட்டமாட்டார்.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் இவரது கலையைப் பற்றிப் பேசுவது வீண். எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப் போல ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. அதில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. எனவே தடித்துப் பூசினால் மேற்பரப்பு முதலில் தோல் கட்டும், உள்ளே பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில், இளகிய நிலையிலேயே இருக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் மிகுந்து, மேற்பூச்சில் குறைந்தால் மேல்தோல் வெடிக்கும். அதனால்தான் மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும் என்பது ஓவியர்கள் காத்துவரும் விதி. வெள்ளையிலேயே வகைகள் உண்டு: ஈய வெள்ளை விரைவில் உலரும், நெகிழ்ச்சி உள்ளது, ஆனால் நஞ்சு, டைட்டானியம் வெள்ளை மிகுந்த மூடுதிறன் உடையது, மெதுவாக உலரும், துத்தநாக வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டது. விரல் கனத்துக்கு வெள்ளையை அள்ளி ஒரு நெற்றியை எழுப்புகிறவர் இவற்றையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதன் விளைவு வரைதலின் வேகத்தில் தெரியும். ஈரம் மேல் ஈரமாக வேலை செய்யும்போது, ஒரு தூரிகை இழுப்பு சரியாக விழவில்லை என்றால் அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டுத் திருத்த முடியாது. அடியில் உள்ள நிறம் கலந்து சேறாகிவிடும். கத்தியால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே அவர் படத்தில் நமக்கு வெறியோடு அள்ளி வீசியது போலத் தோன்றும் ஒரு கன்னம், உண்மையில் மிகுந்த கட்டுப்பாட்டோடு இறக்கப்பட்ட நான்கைந்து இழுப்புகளால் ஆனது: வெளிச்சத்துக்கு ஒரு வெண்மஞ்சள், அதன் விளிம்பில் ஒரு ரோஜாச் சிவப்பு, திரும்பும் இடத்தில் பச்சை கலந்த சாம்பல், தாடையின் அடியில் ஒரே ஒரு கருஞ்சிவப்பு. இந்த இழுப்புகள் எலும்பு ஓடும் திசையிலேயே ஓடுகின்றன. உடற்கூற்றை நன்கு அறிந்த கைதான் இவ்வளவு தடிப்பிலும் வடிவம் குலையாமல் காக்க முடியும்.

லண்டன் பள்ளியின் அவுர்பாக்கும் கோசாஃபும் இதைவிடத் தடிப்பாகவும் பூசியிருக்கிறார்கள் என்று யாரேனும் சொல்லலாம். சரிதான். ஆனால் அவுர்பாக்கின் தலைகளில் பல ஆண்டுத் தேடலின் சுமை மிகுந்து, ஆள் யார் என்பதே வண்ணத்துக்குள் மறைந்துபோகும். ஷானி ரீஸ் ஜேம்ஸிடம் ஆள் மறைவதில்லை. வண்ணம் எவ்வளவு ஏறினாலும் அந்தக் கண்கள் தெளிவாக, தனியாக, நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

குழந்தைப் பருவமும் தாயும் அவர் படங்களில் வந்துகொண்டே இருப்பவை. 1993இல் நடந்த அவரது கண்காட்சி ஒன்றின் பெயரே 'இரத்த உறவுகள்'. பத்தாண்டுகள் கழித்து அபெரிஸ்ட்வித் கலை மையத்தில் தொடங்கிய 'கறுப்புக் கட்டில்' வரிசைதான் அந்தக் கருப்பொருளின் உச்சம் என்று நான் கருதுகிறேன். இது பெரியவர்கள் படுக்கும் கட்டில் அல்ல. நான்கு புறமும் கம்பிகள் அடைத்த குழந்தைக் கட்டில். பாதுகாப்புக்காகச் செய்த பொருள், சற்றுக் கோணம் மாறினால் கூண்டாகிவிடுகிறது. கம்பிகளுக்கு இடையே தெரியும் குழந்தையின் முகத்தில் அழுகை இல்லை. பெரியவர்களுக்கு உரிய விழிப்பு இருக்கிறது. கட்டில் பெரிதாகவும் அறை அதைவிடப் பெரிதாகவும் வரையப்பட்டிருப்பதால், பார்க்கிற நம் உயரமே குறைந்து, குழந்தையின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது போன்ற உணர்வு ஏற்படுகிறது. குழந்தைகளை வரைந்த ஓவியர்கள் ஆயிரம் பேர் உண்டு. குழந்தையின் உயரத்திலிருந்து அறையை வரைந்தவர்கள் மிகச் சிலரே.

தாயையும் அவர் பலமுறை வரைந்திருக்கிறார். அன்பான அன்னையின் படமாக அல்லாமல், மேடையில் ஒளி விழும் இடத்தில் நிற்கத் தெரிந்த ஒரு பெண்ணாகவும், பிறகு முதுமையில் தளர்ந்த உடலாகவும். ஓவியருக்கு வயது ஏற ஏற, கண்ணாடியில் தெரியும் அவருடைய முகத்தில் தாயின் சாயல் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு சில படங்களில் இருப்பது மகளா தாயா என்று பிரித்துச் சொல்வதே கடினம். தன்னை வரைவது என்பது தன்னைப் பெற்றவளையும் வரைவதுதான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு தன்னுருவ வரிசை எனக்குத் தெரியாது.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இல் வேல்ஸ் தேசிய ஐஸ்டெத்வோட் விழாவில் நுண்கலைக்கான தங்கப் பதக்கம். ஆகஸ்டு மாதத்தில், ஓராண்டு வடக்கிலும் மறு ஆண்டு தெற்கிலுமாக, வெல்ஷ் மொழியிலேயே நடக்கும் கவிதை, இசை, கலைப் பெருவிழா அது. 1951இல் முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றவர் பிரெண்டா சேம்பர்லைன் என்ற பெண் ஓவியர் என்பதையும் இங்கே நினைவுகூர்வது தகும். 1993இல் ஹன்டிங்–அப்சர்வர் பரிசு. 1994இல் கான்வி நகரிலுள்ள ராயல் கேம்ப்ரியன் அகாடமியின் உறுப்பினர் தகுதி. 2003இல் 30,000 பவுண்டு கொண்ட ஜெர்வுட் ஓவியப் பரிசு. பேட்ரிக் கால்ஃபீல்டு, மேகி ஹாம்ப்ளிங், புருனெல்லா கிளஃப் போன்றவர்கள் முன்பு பெற்ற பரிசு அது. லண்டன் காட்சிக்கூடங்களின் வட்டத்துக்கு வெளியே, ஆட்டுப்பட்டிகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு ஒருவர் அதை வென்றது வேல்ஸ் ஓவியர்கள் அனைவருக்கும் தெம்பளித்தது. 2006இல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. என்னும் அரச கௌரவப் பட்டம் அளித்தது.

அவரை வேல்ஸ் ஓவியர் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகிறது. பிறந்தது மெல்போர்ன், படித்தது லண்டன். பிறப்பிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் வேல்ஸின் ஓவிய வரலாற்றில் பாதி காணாமல் போய்விடும். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த போலந்து யூதரான ஜோசஃப் ஹெர்மன், 1944இல் இஸ்ட்ராட்கின்லைஸ் என்ற சுரங்க ஊருக்கு வந்து, பதினோரு ஆண்டுகள் அங்கேயே தங்கி, வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் உருவத்தை உலகுக்குத் தந்தார். மாறாக, 1876இல் ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் பிறந்த க்வென் ஜான், தன் வாழ்வின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்து அங்கேயே 1939இல் மறைந்தார். இருவரையும் வேல்ஸ் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. நான்கு பத்தாண்டுகளாக அந்த மண்ணில் உழைக்கும் ஷானி ரீஸ் ஜேம்ஸையும் அப்படித்தான்.

க்வென் ஜானை இங்கே குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அறைக்குள் தனியாக இருக்கும் பெண் என்ற ஒரே பொருளை இரு வேல்ஸ் பெண்கள் நூறாண்டு இடைவெளியில் எடுத்துக்கொண்டார்கள். க்வென் ஜானின் கித்தான்கள் சிறியவை. வண்ணம் சுண்ணாம்பு போல வறண்டு, நெசவின் இழை தெரியுமளவுக்கு மெல்லியதாக இருக்கும். பெண் மடியில் கை வைத்து, நம்மைப் பார்க்காமல் அமர்ந்திருப்பாள். ஷானி ரீஸ் ஜேம்ஸிடம் எல்லாமே தலைகீழ்: பெரிய கித்தான், கனத்த வண்ணம், நேர்ப்பார்வை. ஆனால் தனிமையை அழகுபடுத்தாமல் ஒரு நிலையாகவே மதித்து வரைவதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். இருவரின் படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், குறிப்பாக 2010ஐ ஒட்டி, பூக்கள் அவர் படங்களுக்குள் வந்தன. இதைக் கேட்டதும் ஓவியர் மென்மையாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். 2013இல் நடந்த கண்காட்சிக்கு அவர் இட்ட பெயர் 'பூக்களின் போட்டி'. குவளையில் திணிக்கப்பட்ட பூக்கள் பெண்ணின் தலையைவிடப் பெரிதாக விரிந்து, அவள் முகத்தை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. சுவர்த்தாளில் உள்ள அச்சுப் பூக்களும் குவளைப் பூக்களோடு சேர்ந்து அறையை நெருக்குகின்றன. விக்டோரியா காலத்து வீடுகளில் ஆர்செனிக் கலந்த பச்சைச் சாயம் கொண்ட சுவர்த்தாள்கள் இருந்தன; நச்சுக் காற்றை மெல்லக் கசியவிட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களை அவை நோயில் தள்ளின. அழகுக்காக ஒட்டிய தாள் ஆளைக் கொல்லும் என்ற அந்த உண்மையை மனத்தில் வைத்து இந்தப் பூக்களைப் பார்த்தால், அவற்றின் நிறம் ஏன் இவ்வளவு கனத்துக் கிடக்கிறது என்பது விளங்கும். அவரது பூ ஓவியங்களைப் பார்த்துக் கவிஞர்கள் பலர் கவிதை எழுத, அவை ஒரு தொகுப்பாகவும் வந்தன. ஓவியத்தோடு நில்லாமல், கைப்பிடியைச் சுழற்றினால் அசையும் பொம்மை இயந்திரங்களையும் அவர் செய்திருக்கிறார். நாடக வீட்டுப் பெண் கடைசியில் தன் பாத்திரங்களை உண்மையிலேயே அசைய வைத்துவிட்டார் என்று அவற்றைப் பார்க்கலாம். இருந்தாலும் எனக்கு அவர் ஓவியங்களே மேல். பொம்மையில் உண்மையான அசைவு வந்ததும், அசையாத முகத்தில் அவர் பொதித்து வைத்த அசைவின் அழுத்தம் சற்றுக் குறைந்துவிடுகிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. இத்தனை ஆண்டுகளும் ஒரே பொருள்களோடு உழைக்கும் எவருக்கும் நேரும் ஆபத்து இவருக்கும் நேர்ந்திருக்கிறது. சரவிளக்கும் கோடிட்ட சுவர்த்தாளும் வந்துவிட்டால் படம் தானாக நடந்துவிடும் என்று நம்பிய சில கித்தான்கள் உள்ளன. அவற்றில் அகன்ற கண்கள் ஒரு முத்திரையாக மட்டும் நிற்கின்றன. சிறிய அளவில் செய்த தலைகளில் சிலவும் அப்படியே. ஆனால் 2015இல் அபெரிஸ்ட்வித் நகரில் வேல்ஸ் தேசிய நூலகம், அவரது முப்பது ஆண்டு ஓவியங்களைத் திரட்டி 'வடித்தெடுத்தல்' என்ற பெயரில் காட்டியபோது, வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு உருவானது. ஒற்றைப் படமாகப் பார்க்கும்போது திரும்பச் சொல்வதாகத் தோன்றுவது, வரிசையில் வைக்கும்போது ஒரே முகத்தின் மீது காலம் வேலை செய்வதன் பதிவாக மாறுகிறது.

இப்போது பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வேல்ஸ் தேசிய அருங்காட்சியகம், வேல்ஸ் தேசிய நூலகம் உள்ளிட்ட பொது நிறுவனங்களில் அவரது படங்கள் உள்ளன. பிரிட்டனின் பொதுச் சேகரிப்புகளில் உள்ள எண்ணெய் ஓவியங்களைத் தொகுத்துத் தரும் 'ஆர்ட் யுகே' இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால் கணிசமானவற்றைக் காணலாம். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது இரண்டு இழப்புகள் ஏற்படும்: அளவும் தடிப்பும். எனவே ஒவ்வொரு படத்தின் கீழேயும் கொடுக்கப்பட்டுள்ள உயரத்தையும் அகலத்தையும் முதலில் படியுங்கள். 180 சென்டிமீட்டர் என்று இருந்தால், உங்கள் வீட்டுக் கதவளவு உயரத்தில் அந்த முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கண்ணைப் பார்க்காமல் மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும் இடத்தைப் பாருங்கள். தூரிகை எங்கே தொடங்கி எங்கே எடுக்கப்பட்டது என்பது அங்கே நன்றாகத் தெரியும். பட்டறைப் படம் ஒன்று, 'கறுப்புக் கட்டில்' காலத்துப் படம் ஒன்று, பூக்கள் உள்ள படம் ஒன்று என்ற வரிசையில் மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், ஓவியரின் பயணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் படத்தை முதலில் பக்கவாட்டிலிருந்து, சுவரை ஒட்டி நின்று பாருங்கள். கித்தானிலிருந்து வண்ணம் எவ்வளவு வெளியே எழும்பி நிற்கிறது என்பதைக் கண்டுகொண்ட பிறகு முன்னால் வந்து நின்றால் போதும்.